பசியின் பேரால் நடந்த ஓவிய ஏலம்: படம் கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் கவனிக்க

முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் வசித்துவருகிறேன். ஒரு மார்கழி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்த அறப்பணி ஓவிய ஏலத்தில் எனக்கும், என் பேச்சை நம்பிப் படம் கொடுத்த இரண்டு பழைய மாணவர்களுக்கும் நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். ஏலம் நடத்திய அறக்கட்டளையின் பெயரை எழுதப்போவதில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம், விசாரணை முடியும்வரை பெயரை வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் இதே ஆட்கள் ராணிப்பேட்டைப் பக்கமும் படம் கேட்டு வந்ததாக அங்குள்ள ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகு, பெயர் இல்லாவிட்டாலும் நடந்த விதமாவது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அவர்கள் சொன்ன காரணத்தை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வைத்தியத்துக்காக இங்கே வருகிறவர்கள், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்து, கையிருப்பு முழுவதும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் கரைந்த பிறகு, நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பன்னும் டீயுமாக நாளை ஓட்டுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அப்படிப்பட்டவர்களில் நாளொன்றுக்கு 200 பேருக்கு, ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மதியச் சாப்பாடு போடுவதாகத் திட்டம். பொட்டலம் 40 ரூபாய் வீதம் 3,84,000 ரூபாய் ஆகும் என்றும், அதற்காக உள்ளூர் ஓவியர்களின் படங்களை ஏலம் விடப்போவதாகவும் சொன்னார்கள். நோட்டீசில் வள்ளலாரின் படத்தைப் போட்டு, 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த பதிவு எண்ணையும் அதே கண்ணோடு பார்த்துவிட்டேன் என்பதுதான் என் தவறு.

அறக்கட்டளையின் சார்பில் படம் கேட்டு வீட்டுக்கு வந்த இரண்டு இளைஞர்களும் பணிவாகவே பேசினார்கள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சொம்பால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களை நான் வரைந்திருந்த நீர்வண்ணப் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. 30 அங்குலத்துக்கு 22 அங்குல முழுத்தாள், ஏறத்தாழ இரண்டு மாத வேலை. அதைக் காட்டி, "சார், இது ஒண்ணு கொடுத்தீங்கன்னா ஐந்நூறு பேர் சாப்பிடுவாங்க" என்றார் மூத்தவர். படத்தை வாங்கிக்கொண்டதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "ரசீது எதுக்கு சார், நாம என்ன வியாபாரமா பண்றோம்?" என்றார். கேட்டதற்காக நானே கூசிப்போனேன். பசி என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் காகிதம் கேட்பது அற்பத்தனம் என்று நமக்குள் ஊறிக் கிடக்கிறது. இந்தக் கூச்சத்தை முதலாக வைத்தே அவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அன்று மாலையே என் மாணவர்கள் இருவருக்கும் போன் செய்து, நானே சிபாரிசு செய்து, ஆளுக்கொரு படம் வாங்கிக் கொடுத்தேன்.

ஏலம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவர்போல ஒருவர் மைக்கைப் பிடித்து, ஒருதரம், இரண்டுதரம் என்று இழுத்து இழுத்துக் கூறினார். கேட்பவர்களுக்கு எண் அட்டை கிடையாது. எந்தப் படத்தை யார் என்ன தொகைக்கு எடுத்தார் என்று குறித்துக்கொள்ள ஒரு மேசையோ நோட்டோ இல்லை. கடைசி வரிசையில் இருந்த நான்கு பையன்கள் எல்லாப் படத்துக்கும் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மண்டித் தெருவில் ஏலம் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு உறுத்தியது. நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது அந்த நால்வரும் வாடகை நாற்காலிகளை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விலையை ஏற்றிவிட அமர்த்திய ஆட்கள்! ஆனாலும், நல்ல காரியத்துக்குத்தானே ஏற்றுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் படம் 22,000 ரூபாய்க்குப் போனதாக மைக்கில் அறிவித்தார்கள். மொத்தம் 4,12,000 ரூபாய் சேர்ந்ததாகச் சொன்னபோது பலத்த கைதட்டல். ஐந்து நாள் கழித்து மூத்தவர் போன் செய்து, என் படத்தைக் கேட்டவர் பணம் கட்ட வரவில்லை, அடுத்த ஏலத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றார். அப்படியானால் படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நாளை, நாளை மறுநாள், பொங்கல் கழித்து என்று தள்ளிக்கொண்டே போனார்.

இதற்கிடையே வாட்ஸ்அப் குழுவில், முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் போட்டு அன்னதானப் படங்கள் வந்துகொண்டிருந்தன. தை முதல் தேதி எடுத்த படத்தில், குரங்குக் குல்லா அணிந்து, இடது கையில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர் பொட்டலம் வாங்குகிறார். முப்பத்திரண்டாம் நாள் படத்திலும் அதே பெரியவர், அதே குல்லா, அதே மாவுக்கட்டு, கட்டில் மணிக்கட்டுக்குக் கீழே அதே காப்பிக் கறை. மாசி மாத மத்தியான வெயிலில் குரங்குக் குல்லாவோடு தெருவில் நிற்கும் மனிதரை வேலூரில் யாரும் கண்டிருக்க முடியாது. இதை நான் குழுவில் கேட்ட அன்றிரவே, அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை, சமைத்துத் தருவதாக நோட்டீசில் குறிப்பிட்டிருந்த மெஸ்ஸுக்கே போனேன். அதை நடத்தும் அம்மா கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். நாளுக்கு 75 பொட்டலம் வீதம் நான்கே நாள். மொத்தம் 300 பொட்டலம், 12,000 ரூபாய். அதிலும் 7,000தான் கைக்கு வந்திருக்கிறது. "மீதியைக் கேட்டா தர்ம காரியத்துல இவ்ளோ கறாரா இருக்கீங்களேன்னு என்னையே கேக்கறாங்க சார்" என்றார்.

பங்குனியில் லாங்கு பஜார் பக்கத்துப் பிரேம் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. கண்ணாடி உடைந்துபோனதென்று ஒரு படத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார்கள், சட்டம் தான் போட்டதுபோல இருக்கிறது என்று பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உங்கள் கையெழுத்து இருக்கிறது சார் என்றார். போய்ப் பார்த்தேன். தாளின் பின்பக்கம் வலது மூலையில் பென்சிலால் நான் எழுதிய பெயரும் தேதியும் அப்படியே இருந்தன. கண்ணாடிச் சில்லு கீறி, ஊற்றோரம் நிற்கும் குடத்தின் கழுத்தில் வண்ணம் ஓர் அங்குலம் உரிந்திருந்தது.

கொடுத்தனுப்பியவர் ஒரு லாட்ஜ் உரிமையாளர். ஏலத்தன்று இரவே 22,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துப் படத்தை எடுத்துப் போயிருக்கிறார். மண்டபத்திலேயே எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். அவரும் ஏமாந்தவர்தான். 80ஜி வரிச்சலுகைச் சான்றிதழ் வீடு தேடி வரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ஆடிட்டரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகையே கிடையாது என்றும், முறையாகப் பதிவு பெற்ற நிறுவனமானால் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து 10பிஇ படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும் என்றும், பணத்துக்கு ஈடாக ஒரு படத்தை எடுத்துப் போனபின் அது கொள்முதலே தவிர நன்கொடை என்று வாதிடுவதே கடினம் என்றும் அவர் விளக்கினார். என் பங்குக்கு நானும் ஒன்று தெரிந்துகொண்டேன்: பொருளாகக் கொடுக்கும் தானத்துக்கு, அதாவது படமாகக் கொடுத்த எனக்கு, எந்தக் காலத்திலும் அந்தச் சலுகை வராது. வரித் துறையின் இணையதளத்தில் பெயரையோ பான் எண்ணையோ இட்டால் பதிவு உள்ளதா என்று பார்த்துவிடலாம் என்று அவர் அங்கேயே தேடினார். நோட்டீசிலிருந்த பெயரில் எதுவும் இல்லை. கூகுள் பேயில் பணம் அனுப்பியவர்களிடம் விசாரித்தபோது, தொகை அறக்கட்டளையின் கணக்குக்கு அல்ல, அந்த மூத்தவரின் சொந்தக் கணக்குக்கே போயிருந்தது தெரிந்தது.

ஆகவே, படம் கொடுக்கும் ஓவியர்கள், யார் கேட்டாலும், படத்தின் பெயர், அளவு, ஊடகம், எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது, விற்காவிட்டால் எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே படத்தைக் கழற்றுங்கள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கம் பென்சிலால் எழுத மறக்காதீர்கள், என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். விற்ற பிறகும், எழுதிக் கொடுத்தாலொழிய, பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. ஆகையால் படத்தைக் காலண்டரில் போட்டுக்கொள்கிறோம் என்று வாய்மொழியாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏலம் எடுப்பவர்கள் தனியாள் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

லாட்ஜ் உரிமையாளர் நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார். மெஸ் அம்மாவின் நோட்டுப் பக்கத்தின் நகலையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். என் படத்தை லாட்ஜ் உரிமையாளரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். விலை கொடுத்தவர் அவர், உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்து கொடுத்தேன். மாணவர்களில் ஒருவருடைய படம் காட்பாடியில் ஒரு வீட்டில் இருப்பது தெரிந்துவிட்டது. இன்னொருவர் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கும் பெண். அவருடைய படம் 9,000 ரூபாய்க்குப் போனதாக மைக்கில் சொன்னார்கள், எடுத்தவர் அந்தக் கடைசி வரிசைப் பையன்களில் ஒருவர். அது எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியவில்லை. கேன்வாசில் அக்ரிலிக், 24 அங்குலத்துக்கு 18 அங்குலம். கோட்டை அகழியின் படியில் ஒரு கிழவி தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி, வாளியின் மூடி மட்டும் பளிச்சென்று சிவப்பு. பின்கட்டையில் நீல மையில் "3/7" என்று எழுதியிருக்கும். எங்காவது ஓட்டலிலோ அலுவலகத்திலோ மாட்டியிருக்கக் கண்டால் தெரிவியுங்கள்.