புதுச்சேரியில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் கவனத்துக்கு: 1,40,000 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,40,000 ரூபாய். வாடகை வீடு தேடித் தரும் ஒரு செயலியின் வழியாக வந்து, பட்டப்பகலில், கையில் சாவியோடு எங்கள் முன் நின்ற ஒருவன் அள்ளிக்கொண்டு போன தொகை அது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஓராண்டு புதுச்சேரியில் குடியிருப்பது என்பது எனக்கும் என் மனைவிக்கும் பல காலத்து ஆசை. அங்கிருந்தபடியே கடலோரமாகத் தெற்கே இறங்கிப் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்ப்பது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும், 1706-இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கரையையும் சுற்றுலாப் பேருந்தில் போய் அரை மணி நேரத்தில் பார்த்துத் திரும்புவது எனக்குப் பிடிக்காது.

கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீதிகளின் வாடகை எங்கள் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. அந்த வீதிகளையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள ஒரு வீடு அந்தச் செயலியில் இருந்தது. மாத வாடகை 20,000. பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட உரிமையாளர்’ என்று பச்சை நிறக் குறி வேறு.

வந்தவன் முப்பது வயது இருப்பான். ‘ஐயா’, ‘அம்மா’ என்று அப்படி ஒரு பணிவு. “இது எங்கள் அத்தை வீடு ஐயா. மாமா சொல்தா, பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அவர் போன பிறகு அத்தை பாரிஸில் மகனோடு இருக்கிறார்” என்றான். வேறு ஊரில் சொல்லியிருந்தால் கதை என்று தோன்றியிருக்கும். புதுச்சேரியில் அப்படித் தோன்றாது. 1962-இல் புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்களின் வீடுகள் பூட்டிக் கிடப்பதும் ஊரறிந்த சங்கதி. அந்தப் பாவி ஊரின் வரலாற்றையே தூண்டிலில் கோத்திருந்தான்.

கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மாடி பிரெஞ்சுப் பாணி என்று தூண் தூணாகக் காட்டினான். பிறகு ‘அத்தை’யைக் காணொளி அழைப்பில் பிடித்துக் கொடுத்தான். நரைத்த தலை, நெற்றியில் விபூதி. வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அந்த அம்மாள். என் மனைவியிடம், “வெள்ளிக்கிழமை மட்டும் பூஜை அறையில் ஒரு விளக்கு ஏற்றிவிடம்மா, வீடு இருண்டு கிடக்கிறதே என்றுதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை” என்றார். என் மனைவி கண் கலங்கிவிட்டாள். ஆறு மாத அட்வான்ஸ் 1,20,000, முதல் மாத வாடகை 20,000, ஆக 1,40,000 ரூபாய் அன்று மாலைக்குள் அவன் கணக்குக்குப் போய்விட்டது.

சாமான்களோடு லாரி வந்து நின்ற நாளில் அந்த வீட்டில் பெங்களூரிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் தங்கியிருந்தார்கள். அது நாள் வாடகைக்கு விடப்படும் விடுதி வீடு. லாஸ்பேட்டையில் இருக்கும் உண்மையான உரிமையாளர் ஓடி வந்தார். அவன் வார இறுதிக்கு அறை எடுத்திருக்கிறான், அந்தச் சாவியை வைத்துக்கொண்டே எங்களுக்கு வீட்டைக் காட்டியிருக்கிறான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் அதே முகவரியைக் கேட்டுக்கொண்டு வந்தது. அவர்களும் விளக்கேற்றச் சம்மதித்தவர்கள்தான்.

அதன் பிறகுதான் அலைக்கழிப்பு. செயலி நிறுவனத்தை அழைத்தால் முதலில் பாட்டு, பிறகு ஒரு பெண் குரல்: “நாங்கள் இரு தரப்பையும் இணைக்கிறோம், அவ்வளவுதான் சார். பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லையே.” அப்படியானால் பச்சைக் குறி எதற்கு? “அது கைபேசி எண் சரிபார்ப்பு சார்.” எண்ணைச் சரிபார்த்துவிட்டு ‘உரிமையாளர்’ என்று எழுதுவார்களாம்! வங்கியிலோ, “நீங்களே விரும்பி அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” காவல் நிலையத்தில் புகாரைக் கையில் வாங்குவதற்கு முன்பே, “பணம் அனுப்பும்போது எந்த ஊரில் இருந்தீர்கள், தமிழ்நாட்டிலா, இங்கேயா?” என்று கேட்டார்கள். 1,40,000 ரூபாய் போன இடம் தெரியவில்லை, இவர்களுக்கு எல்லைக்கோடு முக்கியம். அந்த விளம்பரம் இன்று காலையிலும் செயலியில் இருக்கிறது. வாடகை மட்டும் 18,000 ஆகக் குறைந்திருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான். மின் கட்டண ரசீதும் வீட்டு வரி ரசீதும் யார் பெயரில் என்று பாருங்கள். அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்துத் திண்ணையில் இருப்பவர்களிடம் வீட்டுக்காரர் யார் என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் யாரிடமும் நியாயம் பேசிக்கொண்டு நிற்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், தாமதித்தால் அவன் வேறு கணக்குக்கு மாற்றிவிடுவான். கிடங்குக்காரர் மறுபடியும் அழைக்கிறார், இன்றைக்குச் சாமான்களை எடுக்காவிட்டால் இன்னொரு மாத வாடகையாம். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.