உப்புக் காற்றில் ஸ்ட்ராட்: வீட்டிலேயே செய்த மாற்றங்களில் எது நின்றது, எது நிற்கவில்லை

களியக்காவிளை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் சர்ச் கொயர்களில் அதிகம் பார்க்கிறது விலை குறைந்த ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் எலக்ட்ரிக் கிட்டார்கள்தான். சவுண்ட் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் முதலில், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பில்தான் கை வைக்கிறார்கள். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். கடலோரம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். முதலில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத உள்பாகங்கள்தான்.

வெளி இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டிங்கிலிருந்து தொடங்கலாம். கிட்டார் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் தகட்டை, அதாவது பிக்கார்டைக் கழற்றி உள்குழி முழுக்கவும், பிக்கார்டின் அடியிலும் செம்பு டேப் ஒட்டுகிற வேலை. இதனால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் போகாது. அது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் காயில் பிடிப்பதால் வருவது. மெல்லிய செம்பு அதைத் தடுக்காது. டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் கிளப்பும் கரகரப்புதான் குறையும். அதுவே பெரிய நிம்மதி. உறுமலும் வேண்டாம் என்றால், நடு பிக்கப் எதிர்ச்சுற்றும் எதிர்த்துருவமுமாக உள்ள செட்டில் பிக்கப் ஸ்விட்சை, இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2 அல்லது 4-இல் வைத்து வாசிக்க வேண்டும்.

டேப்பின் பசையும் கரண்டைக் கடத்த வேண்டும். இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, ஒரு முனையை ஒரு துண்டிலும் மறுமுனையை அடுத்ததிலும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. மழைக்காலங்கள் தாண்டும்போது செம்பு கறுத்து, பசை தளர்ந்து, இணைப்பு ஒவ்வொன்றாக விட்டுப்போகும். பழைய கரகரப்பு திரும்பி வரும்போதுதான் தெரியும். துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், டேப் கிளம்பிவிடும். ஜாக்கில் சிக்னல் போகும் டிப் தகடு செம்பில் பட்டால் கிட்டார் ஊமையாகிவிடும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் மேலே இன்சுலேஷன் டேப். சமையலறை அலுமினியத் தாளைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. சாதாரண ஈயம் அதில் ஒட்டாது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது பாட், அதாவது வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள மாறும் ரெசிஸ்டர். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கே. விலை குறைந்த பாட்டில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும். அளந்து பார்த்து, அதிகம் காட்டுவதை வால்யூமுக்கு வைத்தால் ஒலி கொஞ்சம் தெளிவாக இருக்கும். சின்ன பாட்டை எடுத்துவிட்டுப் பெரிய 24 மில்லிமீட்டர் பாட் போடுகிறவர்கள் பிக்கார்டுத் துளையை ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்க வேண்டும். பழைய நாபும் பெரும்பாலும் பொருந்தாது. பாட்டின் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் திணறும். சூடு ஏறாமல் நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே கார்பன் பாதை வெந்துவிடும். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட் அயர்னில் அகலமான முனை போட்டு, மூன்று விநாடியில் முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது ட்ரெபிள் பிளீட், வால்யூமைக் குறைத்தாலும் ஒலி மங்காமல் காக்கும் சின்னச் சுற்று. பாடகர்களுக்கு வழிவிட்டு வால்யூமைக் குறைத்து வாசிப்பதுதான் கொயரில் வழக்கம். குறைத்த உடனே ஒலி மங்கிவிடும். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அதாவது மேலே 102 என்று போட்டிருப்பது, அதோடு பக்க இணைப்பாக 150 கே ரெசிஸ்டர். இரண்டையும் வால்யூம் பாட்டின் இன்புட் காலுக்கும் அவுட்புட் காலுக்கும் குறுக்கே வையுங்கள். டோன் பாட்டில் 473 என்று போட்ட கெப்பாசிட்டர் இருந்தால் 223 போட்டுப் பார்க்கலாம். முழுக்கக் குறைத்தாலும் அவ்வளவு அடைத்துப்போகாது. கலர் கலராக விற்கிற விலை உயர்ந்த கெப்பாசிட்டருக்கும், அதே மதிப்புள்ள சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டருக்கும் காதில் வித்தியாசம் கேட்கவில்லை.

கம்பியின் உயரத்தை மாற்றும் சாடில் ஸ்க்ரூதான் இங்கே பெரிய தலைவலி. துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவை 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ போட வேண்டிய இடத்தில் 1.27 போட்டுத் திருகினால், உள்ளே அறுகோணம் வழுவழுவென்று தேய்ந்துபோகும். துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்துவிட்டு, மறுநாள் சரியான கீயால் திருப்புங்கள். பிறகு ஸ்டெயின்லெஸ் எம்3 ஸ்க்ரூவாக மாற்றிவிட்டால் மறந்துவிடலாம். அந்த எண்ணெய் ஸ்விட்சுக்கும் பாட்டுக்கும் ஆகாது; அங்கே காண்டாக்ட் கிளீனர்தான். தேங்காய் எண்ணெய் எங்கேயும் வேண்டாம், அது கை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் போடுகிறார்கள். தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும்.

நெக்கின் வளைவை மழைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கம்பிகளை அழுத்தும் கிளிப்பான கேப்போ, கடைசி ஃப்ரெட்டில் விரல். ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 0.25 மில்லிமீட்டர். ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜே போதும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஆரல்வாய்மொழி தாண்டி, வறண்ட திருநெல்வேலிப் பக்கம் வெயிலில் காய்ந்தால் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கும். சின்ன அரத்தால் ஓரத்தை மட்டும் இழையுங்கள்.

கரண்ட் போய், சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் ஆம்ப் ஓடும்போது வரும் இரைச்சலுக்கு மேலே சொன்ன எதுவும் மருந்தில்லை. சைன் அலை இன்வெர்ட்டர்தான் வழி. இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. அந்த எர்த் அறுந்திருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கலாம். ஆம்ப்பையும் மிக்சரையும் எர்த் சரியாக உள்ள ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி தடித்த கம்பிக்கு 2.4, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர். அதற்கும் அருகே ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, தடித்த கம்பியின் சுதி மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போகப்போக அலையும். அதன் பிறகும் சவுண்ட் பிடிக்கவில்லை என்றால் பிக்கப் வாங்கலாம்.