நன்றி அட்டைக்குப் புதுச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மாறுதலாகிப் போகும் ஆயர் நன்றி அட்டை எழுதிக் கொடுக்கவேண்டிய ஆட்கள் ஒரு சபையில் நூறு பேராவது தேறுவார்கள். கோயில் பிள்ளை, உபதேசியார், ஓய்வுநாள் பள்ளி டீச்சர்கள், கீபோர்டு வாசிக்கும் தம்பி, வீட்டுக் கூட்டத்துக்குக் கூடத்தை ஒழித்துக் கொடுத்த அம்மா. இதற்குப் புதுச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர் நன்றாகவே பொருந்தும். ஆனால் கடையில் முதலில் கண்ணைப் பறிக்கும் தாள் இந்த வேலைக்கு ஆகாது.

எஸ்.வி. படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959 முதல் இருக்கிறது. இந்த வகைத் தாளுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் பருத்தி வெட்டுத்துணிதான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் இதில் கிடையாது. நியூஸ்பிரிண்ட் போலச் சீக்கிரம் பழுத்து நொறுங்காததற்கு அதுவே காரணம். ஆயர் எழுதிக் கொடுத்த அட்டையை வாங்கியவர் வேதாகமத்துக்குள் வருஷக்கணக்கில் வைத்திருப்பார் என்பதால் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

பூவிதழ் பதித்த தாளை விட்டுவிடுங்கள். இதழ் மேட்டில் பேனா முனை வழுக்கும், இதழும் நாளடைவில் பழுப்பாகும். மார்பிள் டிசைன் உறைக்கு அழகு, ஆனால் அதன் மேல் எழுதினால் எழுத்து தெரியாது. வெள்ளை அல்லது தந்த நிறத்தில், சொரசொரப்புக் குறைந்த 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) வெறும் தாள்தான் சரி.

அடுத்துப் பார்க்க வேண்டியது பசை, அதாவது சைஸிங். அது குறைந்த தாளில் மை நார் வழியே ஓடும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் இதில் சேதம் அதிகம்: ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டு ‘ணை’யும் ‘னை’யும் ஒன்றாகிவிடும். சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் வேண்டாம். ஒரு நிமிஷமாவது முத்தாக நின்றால் எடுக்கலாம். பசை சரியாக இருந்தாலும் இங்க் பேனாவைவிட 0.7 ஜெல் பேனாவே பத்திரம். 0.5 முனை நாரைக் கிளறி அடைத்துக்கொள்ளும்.

வீட்டு இங்க்ஜெட்டில் வாசகம் அடிக்கலாமா என்றால், ஓரம் மங்கும். லேசரிலோ தாளின் பள்ளங்களில் டோனர் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விடும். இந்தத் தாளுக்கு ஏற்றது ஸ்கிரீன் பிரிண்டிங். முகப்பில் ‘பிலிப்பியர் 1:3’ என்று வசன எண் மட்டும் அடித்து, உள்ளே வெறுமையாக விடச் சொல்லுங்கள். உள்ளேயும் அச்சடித்துக் கையெழுத்து மட்டும் போடுவதென்றால் இந்தத் தாளுக்குச் செலவழிப்பது வீண், சாதா ஆர்ட் கார்டே போதும். ரோமர் 16இல் பவுல் பெபேயாளில் தொடங்கிப் பலரையும் பேர் சொல்லி, அவர்களில் சிலர் செய்த உதவியையும் சொல்கிறார். ‘சபையார் அனைவருக்கும்’ என்று அங்கே முடித்துவிடவில்லை.

இனி அளவு. 22×30 அங்குல முழுத் தாளில் 11×7.5 அங்குலத்தில் எட்டுத் துண்டு வரும், மடித்தால் 5.5×7.5. கத்தரி வேண்டாம். கோட்டில் மடித்து, ஈரத் தூரிகையால் ஒருமுறை இழுத்து, ஸ்கேல் வைத்துக் கிழித்தால் இயற்கை ஓரம் போலவே பிசிறு வரும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த ரீஃபிலால் முதலில் அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நார் வெடித்து மடிப்பு கோணும்.

தபாலில் போகும் அட்டைக்கு எடைக் கணக்கு உண்டு. 200 ஜிஎஸ்எம்மில் ஒரு அட்டை ஏறக்குறைய 11 கிராம், 100 ஜிஎஸ்எம் உறை 7 கிராம், ஆக 18. சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் தபால்தலை 20 கிராம் வரைதான். 250 ஜிஎஸ்எம் எடுத்தாலோ, உறையையும் கனமான ஹேண்ட்மேடில் செய்தாலோ அந்த எல்லை தாண்டும். தபால்தலை குறைந்தால் குறைந்ததைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம்தான் வசூலிப்பார்கள். நன்றிக் கடிதத்துக்கு இது அழகல்ல. முடித்த ஒன்றைத் தபால் நிலையத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை ஒட்டுங்கள். 250 ஜிஎஸ்எம் அட்டை வேதாகமத்துக்குள்ளும் தடித்துத் துருத்தும்.

புதுச்சேரி, கடலூர் கடற்காற்றில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், பருத்தித் தாள் ஈரம் குடித்து நெளியும், பழுப்புப் புள்ளி விழும். சுருட்டி வைக்காமல் தட்டையாக, பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். எழுதிய அட்டையை மூடுமுன் கால் மணி நேரம் திறந்து உலர விடவேண்டும். மழை நாளில் இன்னும் கூடுதலாக.

நூறு பேருக்கு 13 தாள் கணக்கில் வரும், 15 வாங்குங்கள். பேரில் இனிஷியல் தப்பும், கிழிசல் கோணும். குறைந்ததை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் வேறு பேட்ச் வரும், நிறம் சேராது.