5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்: வேலூர் வெயிலில் தாங்குமா?

பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வீட்டு மெஷின் இது. நல்ல மெஷின்தான், சிலிண்டர் தூக்கும் பாடு இல்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 5-ஐ (நிமிடத்துக்கு 5 லிட்டர்) மட்டும் நம்பி வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கடையில் ஆன் செய்து காட்டினால் போதாது. ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை 5-ல் வைத்து 20 நிமிடம் ஓடவிட்டு, குழாய் முனையில் அனலைசரை (ஆக்சிஜன் சதவீதம் அளக்கும் கருவி) பிடிக்கச் சொல்லுங்கள். 90 சதவீதமாவது காட்ட வேண்டும். 2 லிட்டரில் 93 காட்டிவிட்டு 5-ல் 80-க்கு இறங்கினால், பெரும்பாலும் உள்ளே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் ஈரம் குடித்துக் கெட்டிருக்கும். அனலைசரே இல்லாத கடை வேண்டாம். மெஷின் இதுவரை ஓடிய மணிக்கணக்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நம்மூர் மே மாதம் 40 டிகிரி தாண்டும். பல மெஷின்களின் வரம்பும் அதுவே. சீட் போட்ட அறையில், சுவரோடு ஒட்டி வைத்தால் சூடேறி அலறும். ஒரு அடி தள்ளி வையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஆக்சிஜனுக்கு ஈரம் சேர்க்கும் பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. குமிழி வரவில்லையா? மூடி புரி மாறி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

350 வாட், தினம் 15 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 315 யூனிட் கூடும். 15 மணி நேரத்துக்குக் குறைந்தால் பலன் கிடைக்காது, எனவே மிச்சம் பிடிக்க வழியில்லை. கரெண்ட் போனால் 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கில் சுமார் 12 மணி நேரம் வரும்.

மூச்சு வாங்குகிறதே என்று வீட்டார் திருகைக் கூட்டுவதுதான் பெரிய தப்பு. இந்த நோயில் பொதுவாக ஆக்சிமீட்டர் 88 முதல் 92 வரை காட்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கும்; காலைத் தலைவலி, தூங்கி வழிவது அதற்கு அறிகுறி. இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது.

பீடி, கற்பூரம், விளக்கு எல்லாம் 3 மீட்டர் தள்ளி. மெஷினை அணைத்த பிறகும் துணியில் ஆக்சிஜன் தங்கியிருக்கும், உடனே பற்ற வைத்தால் முகத்தில்தான் பிடிக்கும். மூக்கு காய்கிறதென்று வாஸலின் தடவாதீர்கள்.

நோய் திடீரென்று கூடி அட்மிட் ஆனபோது எழுதிய ஆக்சிஜன் என்றால், சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து, பிறகு ரத்த வாயு பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். ஓய்வில் ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் (PaO2) 55 mmHg-க்கு மேல் ஏறி நின்றால், மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.