மனச்சிதைவு: டோபமைனை அடக்குவதா, தலாமஸ் சுற்றைச் சரிசெய்வதா?

மனச்சிதைவுக்குத் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை 1950-களில் வந்த குளோர்புரோமசைனின் வாரிசுகள். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைப்பதுதான் வேலை. காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் எல்லாம் பலருக்குச் சில வாரங்களில் தணியும். ஆனால் ஆர்வமின்மை, ஞாபகக் குறைவை இவை அவ்வளவாகத் தொடுவதில்லை. கை நடுக்கமும் எடை கூடுவதும் வேறு.

இன்னொரு வழி மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியிலிருந்து தொடங்குவது. வாசனை தவிர மற்ற புலன் செய்திகள் மூளைப் புறணிக்குப் போகும் வழியில் இங்கே நின்றுதான் போகின்றன. மனச்சிதைவு உள்ளவர்களின் ஸ்கேன் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: தலாமஸுக்கும் நெற்றிப்பகுதி மூளைக்கும் உள்ள தொடர்பு தளர்ந்திருக்கிறது, புலன், அசைவுப் பகுதிகளோடு உள்ள தொடர்போ கூடியிருக்கிறது. தூக்கத்திலும் தடயம் உண்டு. தலாமஸைப் போர்த்திய மெல்லிய நரம்பணு அடுக்கில் பிறக்கும் 'ஸ்பிண்டில்' அலைகள், நொடிக்குச் சுமார் 12 முதல் 15 துடிப்பு, இவர்களிடம் குறைவு. சரி, அலைகளைக் கூட்டினால்? எஸோபிக்ளோன் என்ற தூக்க மாத்திரை கூட்டியது. ஞாபகம் அதற்கேற்ப ஏறவில்லை. தலைக்கு வெளியே காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் முறையோ மேற்பரப்போடு நின்றுவிடும், தலாமஸ் ஆழத்தில் இருக்கிறது.

என் ஓட்டு இன்றைக்கு மாத்திரைக்குத்தான். தலாமஸ் சுற்றைச் சரிசெய்யும் வழி இன்னும் சிகிச்சையாகவில்லை. அதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. அப்புறம், இரண்டும் எதிரெதிரானவையும் அல்ல. மனிதரின் 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு துண்டுக்கு இணையான பகுதியை இழந்த எலிகளில், தலாமஸிலிருந்து செவிப்புறணிக்குப் போகும் செய்தி பலவீனப்பட்டதற்குக் காரணம் தலாமஸில் டி2 ஏற்பிகள் மிகுந்ததே என 2014-இல் காட்டினார்கள். டி2-வை அடைக்கும் ஹாலோபெரிடால் மருந்தைத் தந்ததும் செய்தி மீண்டது.