டொராண்டோ "பதினாலு மணி நேரம்தான் சார்" என்றார்கள், 1,18,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறட்டும் என்று இருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

டொராண்டோவில் தங்கைக்கு இது ஒன்பதாம் மாதம். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை, முழங்கால் வலி வேறு. பயண நேரம் குறைவாக இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். எங்கள் ஏரியாவில் இருக்கிற ஒரு டிராவல்ஸ். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் உண்டு. அங்கிருந்த பையன் மானிட்டரை என் பக்கம் திருப்பிப் பேனாவால் தட்டித் தட்டிக் காட்டினான். "சென்னையில நைட்டு 1.50, டொராண்டோல அதே நாள் மத்தியானம் 3.30. பதினாலு மணி நேரம்கூட இல்ல சார். ஃபிராங்க்ஃபர்ட்ல சும்மா கேட் மாறணும். எங்க அம்மாவா இருந்தா இதுலதான் அனுப்புவேன்." அந்த 'எங்க அம்மா'வில்தான் விழுந்தேன். அங்கேயே ஜிபே பண்ணினேன், 1,18,500 ரூபாய்.

டொராண்டோ கடிகாரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் (குளிர்காலத்தில் பத்தரை). அதைச் சேர்த்தால் 23 மணி 10 நிமிடம். சென்னையிலிருந்து டொராண்டோ நேர்கோட்டிலேயே சுமார் 13,400 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போனால்கூட கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஆகும், அதுவும் எங்கேயும் இறங்காமல் போனால், அப்படி ஒரு விமானமே சென்னையிலிருந்து கிடையாது. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. நான் போடவில்லை.

நேரம் கூடினதோடு போயிருந்தால்கூடத் தொலைகிறது என்று விட்டிருப்பேன். முந்தாநாள் ராத்திரி செக்-இன் கவுண்டரில்தான் தெரிந்தது, அது ஒரே டிக்கெட் இல்லை, தனித்தனி பிஎன்ஆரில் இரண்டு டிக்கெட். ஒரே தாளில் அழகாக டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி ஃபிராங்க்ஃபர்ட் வரைதான் போகும், அங்கே வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டும், வெளியே வர ஷெங்கன் விசா (ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குள் நுழைய வாங்குவது) வேண்டும். அம்மாவிடம் கனடா விசா மட்டும்தான். ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். சென்னை வெக்கையில் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல், பிரசவ லேகியம் டப்பா இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். "ஏர்லைன்ஸ் ரூல் சார், நாங்க என்ன பண்றது." மேனேஜர் மீட்டிங். மத்தியானம் மேனேஜர் சாப்பாடு. சாயங்காலம், "நான்-ரீஃபண்டபிள்னு மெயில்ல போட்டிருக்கோமே சார்." அனுப்பும் மெசேஜுக்கெல்லாம் நீல டிக் மட்டும் விழுகிறது. அந்த 'எங்க அம்மா' பையன் லீவாம்! 1,18,500 ரூபாய்க்கு ஒரு சாரிகூட இல்லை.

யோசனை சொல்கிறேன் என்றேன் இல்லையா. முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரம், நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். இன்னும் நாலைந்து இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன், தங்கை மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறாள், அம்மாவுக்கு வேறு டிக்கெட் போட்டாயா என்றுதான் கேட்பாள், இன்னும் போடவில்லை.