ஃபோல்டரைத் திறக்க வந்தவர் வீட்டையே திறந்து வைத்துவிட்டுப் போனார்

மதுரையில், வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து தருகிறோம் என்பவர்களைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். வந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். இதே காரியத்தை வேறு யாராவது உங்கள் வீட்டில் செய்து வைத்திருந்தாலும் மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே தெரியாது.

பிரச்சினை சின்னது. ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஷேர்டு ஃபோல்டர், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்தும் திறக்கக்கூடிய ஃபோல்டர். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், எல்லோருடைய ஆதார், பான், அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மனைவிக்கு விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் வாங்கினோம். அதிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறக்கப் போனால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. டெஸ்க்டாப்பில் தினமும் அடிக்கிற பின் நம்பரைக் கொடுத்தால் தவறு என்றது. திரும்பத் திரும்ப அதே பெட்டிதான் வந்து நின்றது.

போனில் விசிட் சார்ஜ் 400 ரூபாய் என்றார்கள். வந்தவர் டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்ததுமே, "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு சார், ரவுட்டரும் பழசு. ஃபார்மேட் அடிச்சுப் புது ரவுட்டர் போட்டாத்தான் சரியா வரும்" என்றார். என்ன எர்ரர் வருகிறது என்று லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஃபார்மேட் வேண்டவே வேண்டாம் என்று மனைவி பிடிவாதமாக நின்றதால், "அப்ப கான்ஃபிகரேஷன் மட்டும் பண்ணித் தர்றேன்" என்று இறங்கி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர் திறந்தது. பாஸ்வேர்டே கேட்கவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்: நெட்வொர்க் செட்டிங் 2,200, செக்யூரிட்டி 1,000, விசிட் 400, மொத்தம் 3,600. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதிகூட இல்லை. அந்த 'செக்யூரிட்டி 1,000' என்ற வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது.

மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவனுக்கும் எங்கள் வைஃபைதான். ஒருநாள் அவன் கீழே வந்து, தயங்கித் தயங்கி, "அண்ணே, என் லேப்டாப்ல நெட்வொர்க்கைத் திறந்தா உங்க ஃபோல்டர் தெரியுதுண்ணே. பாஸ்வேர்டு எதுவும் கேக்கல. உங்க வீட்டுப் பத்திரம் மாதிரி இருந்துச்சு, உடனே மூடிட்டேன்" என்றான். நல்ல பையன். வேறு ஒருவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

மனைவியின் தம்பி சென்னையில் ஒரு அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின். ஊருக்கு வந்தபோது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். "மச்சான், இந்தாளு பூட்டை ரிப்பேர் பண்ணல, கதவையே கழட்டி வச்சுட்டுப் போயிருக்காரு" என்றான்.

விண்டோஸில் 'பாஸ்வேர்டு புரொடெக்டெட் ஷேரிங்' என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால், டெஸ்க்டாப்பில் கணக்கும் பாஸ்வேர்டும் இருப்பவர்தான் உள்ளே வர முடியும். அதை ஆஃப் செய்திருக்கிறார். கூடவே யாருக்கு அனுமதி என்று குறிக்கும், ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு பக்கத்திலும் 'எவ்ரிஒன்' என்று போட்டு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்திருக்கிறார். அதாவது வைஃபையில் இருக்கிற யாரும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். புது விண்டோஸ் இப்படிப் பாஸ்வேர்டு இல்லாமல் போவதைச் சாதாரணமாக விடாது என்பதால், பாஸ்வேர்டு இல்லாத, பாதுகாப்பில்லாத கெஸ்ட் லாகின் பரவாயில்லை என்று மனைவியின் லேப்டாப்பிலும் ஒரு பாலிசியை (விண்டோஸ் விதியை) மாற்றி வைத்திருக்கிறார். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் ஃபயர்வால், அதன் மூன்று புரொஃபைலிலும் (டொமைன், பிரைவேட், பப்ளிக்) ஆஃப்.

இதோடு நிற்கவில்லை. எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறையையும் ஆன் செய்திருக்கிறார். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய, ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வானாகிரை ரான்சம்வேர், இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) கொடுத்திருந்தது. அப்புறம் அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டால் எஸ்எம்பி 1 கூடவே வராதபடி நிறுத்திவிட்டது. இரண்டு புது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள அது தேவையே இல்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டு, நாங்கள் 'ஓகே' கொடுக்காமலே அவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறார். டாஸ்க்பாரின் ஓரத்தில், மறைந்திருக்கும் ஐகான்களுக்குள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த டெஸ்க்டாப்பில்தான் நாங்கள் பேங்க் வேலை எல்லாம் பார்க்கிறோம்.

சரி, முதலில் ஏன் திறக்கவில்லை? பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய மட்டும்தான். நெட்வொர்க் வழியாகப் போகும்போது அது செல்லாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் யூசர்நேமாக அந்த மெயில் முகவரியைக் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்காக இருந்தால் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. இவ்வளவுதான் விஷயம். கரப்டும் இல்லை, ரவுட்டர் கோளாறும் இல்லை.

மச்சான் செய்தது இதுதான். டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கு என்றே தனியாக ஒரு லோக்கல் கணக்கு உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்தான். 'எவ்ரிஒன்'-ஐ எடுத்துவிட்டு, ஷேரிங், செக்யூரிட்டி இரண்டிலும் அந்தக் கணக்குக்கு மட்டும் அனுமதி கொடுத்தான். ஒன்றில் கொடுத்து இன்னொன்றில் விட்டால் திறக்காது; இரண்டில் எது கறாரோ அதுதான் நடக்கும். பாஸ்வேர்டு புரொடெக்டெட் ஷேரிங்கையும் ஃபயர்வாலையும் திரும்ப ஆன் செய்தான். வீட்டு வைஃபை 'பிரைவேட்' என்று இருக்கிறதா பார்த்தான், 'பப்ளிக்' என்றிருந்தால் ஃபயர்வால் ஷேரிங்கை மறித்துவிடும். லேப்டாப்பில் மாற்றி வைத்திருந்த பாலிசியைப் பழையபடி ஆக்கி, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்த தவறான பாஸ்வேர்டை நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தான். பழைய பெயரில் இணைப்பு பாதியில் நின்றிருந்தால், புதுப் பெயரில் போகும்போது இன்னொரு எர்ரர் வருமாம். பிறகு யூசர்நேம் கட்டத்தில் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் அந்தக் கணக்கின் பெயர். திறந்துவிட்டது. பேசிக்கொண்டே ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான் ஆனது.

அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஃபோல்டர் ஓப்பன் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். ரிமோட் மென்பொருளைப் பற்றிக் கேட்டதும், "சர்வீஸுக்காகப் போட்டது" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சீட்டில் பெயர் இல்லாததால், யுபிஐயில் பணம் போன விவரம்தான் ஆதாரமாகக் கையில் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

இப்படி ஒருவர் வந்துபோன பிறகு உங்கள் ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா? உடனே பாஸ்வேர்டு புரொடெக்டெட் ஷேரிங்கையும், ஃபயர்வாலையும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1-ஐயும், இன்ஸ்டால் ஆகியிருக்கும் மென்பொருட்களின் பட்டியலையும் பாருங்கள். ரிமோட் மென்பொருள் இருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். பேங்க் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். நாங்கள் எல்லாவற்றையும் மனைவியின் போனிலிருந்துதான் மாற்றினோம்.